ஆழம் பார்த்தல்

பவளத்தீவுகள் எப்படி உண்டாகின்றன என்ற தன் கோட்பாட்டை டார்வின் ஒரு பவளத்தீவைக்கூட நேரில் பார்ப்பதற்கு முன்பே செய்து முடித்துவிட்டார். தன் நூல்களில் வேறு எதுவும் இந்த அளவுக்கு ஊகத்திலிருந்து புறப்பட்டதில்லை என்று சுயசரிதையில் அவரே சொல்லியிருக்கிறார். அப்போது அவர் இருந்தது தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில். 1835 பிப்ரவரி 20இல் சிலியின் கன்செப்சியோன் நகரத்தைத் தரைமட்டமாக்கிய பூகம்பத்துக்குப் பிறகு, கரையோரப் பாறைகள் பல அடி உயர்ந்து, அவற்றில் ஒட்டியிருந்த சிப்பிகள் வெயிலில் செத்து நாறிக் கிடந்ததை பீகிள் கப்பல்காரர்கள் பார்த்தார்கள். ஆண்டீஸ் மலையின் உச்சிகளில் கடற்சிப்பிகள் கல்லாகிக் கிடந்ததையும் டார்வின் பார்த்தார். ஒரு கண்டம் எழுகிறது என்றால் அதற்கு ஈடாக எங்கோ ஒரு கடலடி தாழ்ந்துகொண்டிருக்க வேண்டும். தாழ்கிற கடலடியில் ஒரு எரிமலைத் தீவு நின்றிருந்தால் அதைச் சுற்றி வளரும் பவளத்துக்கு என்ன நேரும்? இந்த ஒரு கேள்வியிலிருந்து மீதி எல்லாம் வந்துவிட்டது.

அனுபவம், அனுபவம் என்று நம் விமர்சகர்கள் முப்பது நாற்பது வருஷங்களாகச் சொல்லிவருகிற வார்த்தையை இங்கே கொஞ்சம் நிறுத்திவைத்துப் பார்க்கலாம். வாழ்ந்து பார்க்காததை எழுதக் கூடாது என்பது ஒரு நல்ல எச்சரிக்கை. அதை ஒரு சட்டமாக ஆக்கியபோதுதான் நம் கதைகள் சொந்தத் தெருவைத் தாண்டாமல் போயின. டார்வினுக்குப் பவளத்தைப் பற்றி அனுபவம் ஏதும் இல்லை. தரை நிலையானதல்ல என்ற அனுபவம் இருந்தது. காலடியில் பூமி ஆடியதை அவர் உடம்பு அறிந்திருந்தது. ஒன்றைப் பற்றிய அனுபவம் வேறொன்றைப் பற்றிய தரிசனமாக மாறுகிற இந்த வித்தை கவிதைக்கு மட்டும் உரியது என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வது அவ்வளவு சரியல்ல என்று எனக்குப் படுகிறது.

கோட்பாடு எளிமையானது. பாறை கட்டும் பவளப்பூச்சி வெதுவெதுப்பான நீரில், வெளிச்சம் எட்டுகிற ஆழத்தில் மட்டுமே செழிக்கும். இருபது முப்பது பாகத்துக்குக் கீழே அது பாறை கட்டுவதில்லை. (அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலை வாங்கிச் சமைத்துப் போடுவதால்தான் இந்த வரம்பு என்பது பின்னால் தெரிந்த விஷயம். டார்வினுக்கு வரம்பு தெரியும், காரணம் தெரியாது.) அப்படியானால் ஆழங்காண முடியாத நடுக்கடலில், நீர்மட்டத்துக்கு மேல் ஓர் ஆள் உயரம்கூட எழாத, நடுவில் அமைதியான நீரைக் கொண்ட அந்த வளையத் தீவுகள் எதன்மேல் நிற்கின்றன? கடலுக்கடியில் இருக்கும் எரிமலை வாய்களின் விளிம்பில் அவை முளைத்திருக்கின்றன என்று லையல் சொல்லியிருந்தார். அத்தனை எரிமலைகளும் பேசிவைத்துக்கொண்டதுபோல் ஒரே மட்டத்தில் வந்து நின்றன என்று நம்ப வேண்டும். டார்வின் அதைத் திருப்பிப் போட்டார். முதலில் தீவு இருக்கிறது. அதன் கரையை ஒட்டிப் பவளம் கட்டுகிறது. தீவு மிக மெதுவாகத் தாழ்கிறது. பவளம், செத்த தன் முன்னோர்களின்மேல் ஏறி நின்று, வெளிச்சத்தை விடாமல் பிடித்துக்கொண்டு மேலே கட்டிக்கொண்டே போகிறது. கரைக்கும் பாறைக்கும் நடுவே நீர் விழுந்து இடைவெளி அகலமாகிறது. கடைசியில் தீவின் சிகரமும் மூழ்கிவிடுகிறது. அதைச் சுற்றியிருந்த வளையம் மட்டும் மிஞ்சுகிறது. ஒவ்வொரு வளையத் தீவும் இல்லாமல்போன ஒரு மலைக்கு நாட்டிய நடுகல்.

தமிழனுக்கு இந்த இடத்தில் கடல்கோள் ஞாபகம் வரும், வரட்டும், தவறில்லை. ஆனால் லெமூரியா என்ற சொல்லை 1864இல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேயர் உண்டாக்கியது லெமூர் என்கிற பிராணிக்கு வழி காட்டுவதற்காக. நம் சங்கங்களுக்கு இருப்பிடம் தேடித் தருவதற்காக அல்ல. நாம் தொலைந்த நிலத்தை நினைத்து அழ ஒரு வாய்ப்பாக அதை எடுத்துக்கொண்டோம். டார்வினுடைய அமிழ்தலில் அழுவதற்கு நேரமே இல்லை. அமிழ்வதின் வேகத்துக்கு ஈடாகக் கட்டத் தெரிந்த ஒரு ஜந்து அதில் இருக்கிறது. புலம்பலுக்கும் கட்டுமானத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை நம் இலக்கிய வரலாற்றின்மேல் பொருத்திப் பார்க்க ஆசைதான். வேறொரு சமயம் பார்க்கலாம்.

1836 ஏப்ரல் 1இல் பீகிள், இந்துமகா சமுத்திரத்தில் கீலிங் தீவுகளை அடைந்தது. கோகோஸ் என்றும் சொல்வார்கள். பன்னிரண்டாம் தேதி புறப்பட்டது. இந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களில்தான் டார்வின் தன் ஊகத்தை உப்புநீரில் நனைத்துப் பார்த்தார். எனக்குப் பிடித்தது அவர் ஆழம் பார்த்த விதம். கப்பலின் ஆழங்காணும் ஈயக்குண்டுக்கு அடியில் ஒரு குழி இருக்கும். அதில் விலங்குக் கொழுப்பை அப்பிக் கீழே இறக்குவார்கள். குண்டு கடலடியைத் தொட்டதும் கொழுப்பில் அடித்தரையின் தடம் பதியும். பாறைக்கு வெளிப்புறம், பத்துப் பாகம் ஆழம் வரையில், கொழுப்பு சுத்தமாக மேலே வந்தது. அதில் உயிருள்ள பவளங்களின் அச்சு மட்டும் பதிந்திருந்தது. இன்னும் ஆழத்தில் இறக்க இறக்க ஒட்டும் மணல் அதிகமாகி, அச்சு குறைந்துகொண்டே வந்தது. பிறகு வெறும் மணல். உயிர் எங்கே முடிகிறது, பிணக்குவியல் எங்கே ஆரம்பிக்கிறது என்பதை ஒரு கை அளவு கொழுப்பு சொல்லிவிட்டது. கரையிலிருந்து 2,200 கெஜ தூரத்தில் கேப்டன் ஃபிட்ஸ்ராய் 7,200 அடிக் கயிற்றை விட்டும் அடி தட்டுப்படவில்லை. செங்குத்தான ஒரு மலையின் உச்சியில் நின்றுகொண்டு, அது மலை என்றே தெரியாமல், தென்னங்கீற்று நிழலில் மக்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கடலடிக் குகைகளின் வர்ண ஜாலத்தைப் பற்றிப் பிற இயற்கைவாதிகள் எழுதியதெல்லாம் சற்று மிகை என்று டார்வின் முணுமுணுக்கிறார். இந்த நிதானம் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. அவர் வியந்தது வேறு இடத்தில். மகா சமுத்திரத்தின் அலை இரவும் பகலும் ஓயாமல் மோதுகிறது; கருங்கல்லாக இருந்தாலும் காலப்போக்கில் நொறுங்கிவிடும். அந்த அலையின் வாயில், வெறும் சதைப்பசையான ஒரு பூச்சி, நீரிலிருந்து சுண்ணாம்பை அணு அணுவாகப் பிரித்தெடுத்துச் சுவர் கட்டுகிறது, ஜெயிக்கிறது. இன்னொரு காட்சியையும் அவர் விவரிக்கிறார். உள்நீரில் ஆமை பிடிக்கப் பாய் விரித்த படகில் போகிறார்கள். தண்ணீர் தெளிவாகவும் ஆழமில்லாமலும் இருப்பதால் ஆமையால் ஒளிய முடியவில்லை. முனையில் நிற்பவன் சட்டென்று அதன் முதுகில் குதித்து, கழுத்தோரம் ஓட்டைப் பற்றிக்கொண்டு, அது களைத்துப் போகும்வரை அதனோடு இழுபடுகிறான்.

அந்த மனிதர்கள் யார்? இங்கேதான் என் தொந்தரவு ஆரம்பிக்கிறது.

அலெக்சாண்டர் ஹேர் என்ற வெள்ளைக்காரன் 1826இல் மலாய் அடிமைகளோடு இந்த ஆளில்லாத் தீவுக்கு வந்து சேர்ந்தான். அடுத்த வருஷம் ஜான் க்ளூனீஸ்-ராஸ் என்ற கப்பல் தலைவன் குடும்பத்தோடு வந்தான். ஹேரின் ஆட்கள் அவனை விட்டு ராஸின் பக்கம் ஓடிப்போனார்கள். டார்வின் வந்தபோது ஹேர் போய்விட்டிருந்தான். மலாய்க்காரர்கள் பெயரளவில் சுதந்திரமானவர்கள், அடி உதை இல்லை, ஆனால் மற்ற பெரும்பாலான விஷயங்களில் அடிமைகளாகவே கருதப்படுகிறார்கள் என்று டார்வின் எழுதினார். சரியாகத்தான் பார்த்தார். அடிமை முறையை அவர் வெறுத்தவர். 1832இல் பிரேசிலில் இது பற்றி ஃபிட்ஸ்ராயோடு சண்டை போட்டவர். ஆனாலும் அந்த வாக்கியத்தை எழுதி முடித்ததும் பேனா பவளத்துக்குத் திரும்பிவிடுகிறது. அதற்குப் பிறகு நூற்று நாற்பது வருஷங்களுக்கு மேல் அந்தக் குடும்பம் தீவுகளை ஆண்டது. 1886இல் விக்டோரியா ராணி பட்டயம் கொடுத்தார். கொப்பரைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குக் கூலி, அந்தக் குடும்பம் தானே அச்சடித்த வில்லைகள். அவை அதன் சொந்தக் கடையில்தான் செல்லும். 1978இல் ஆஸ்திரேலிய அரசு பெரும்பகுதி நிலத்தை விலைக்கு வாங்கிக்கொண்டது. 1984இல்தான் அந்த மக்களிடம் 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று கேட்டு ஓட்டெடுத்தார்கள்.

(நமக்கும் இந்தத் தீவோடு ஓர் உறவு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போய், 'அவன் பெரிய எம்டன்' என்று நம் வீடுகளில் இன்றும் வழங்கும் ஒரு சொல்லை விட்டுச்சென்ற ஜெர்மன் கப்பல், அதே வருஷம் நவம்பர் 9இல் முடிந்தது வடக்குக் கீலிங்கின் பவளப் பாறையில் மோதித்தான். தந்தி நிலையத்தை உடைக்கக் கரையிறங்கிய அதன் மாலுமிகள், க்ளூனீஸ்-ராஸ் குடும்பத்தின் ஆயிஷா என்ற பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு சுமத்ராவுக்குத் தப்பினார்கள்.)

டார்வினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. அது சுலபமான வேலை. செத்தவர்கள்மேல் நம் காலத்து நியாயத்தை ஏவிவிட்டு நாம் நல்லவர்களாகிவிடுகிற வேலை. எனக்குள்ள கேள்வி வேறு. பீகிளில் டார்வின் என்னவாக இருந்தார்? கப்பல் சிப்பந்தி அல்ல. சாப்பாட்டுச் செலவைத் தானே கொடுத்துக்கொண்டு, கேப்டனுக்குப் பேச்சுத்துணையாக ஏறிய ஆள். அந்தக் கப்பல் போனது பிரிட்டிஷ் கடற்படைக்குக் கடல் வரைபடம் தயாரிப்பதற்காக. பவளத்தீவுகளை ஆராய வேண்டும் என்பதும் கடற்படைத் தலைமை ஃபிட்ஸ்ராய்க்குக் கொடுத்த குறிப்புகளில் இருந்தது. கப்பலை முட்டவைக்கும் பாறைகள் எங்கே எப்படி வளர்கின்றன என்பது சாம்ராஜ்யத்துக்கு வேண்டிய தகவல். ஆக, மிகத் தூய்மையான ஓர் அறிவு, அவ்வளவு தூய்மையில்லாத ஒரு வாகனத்தில் பயணியாக வந்தது. பயணி கப்பலை ஓட்டுவதில்லை. ஆனால் அது எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியும்.

இது இந்த அளவோடு நின்றிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். விஷயம் முற்றியது கோட்பாட்டுக்குச் சாட்சி கிடைத்த விதத்தில்.

1842இல் டார்வினின் பவளப் புத்தகம் வந்தது. லையல் தன் எரிமலை வாயை மறுபேச்சில்லாமல் விட்டுக்கொடுத்திருந்தார். பிறகு எதிர்ப்பு கிளம்பியது. 1880இல் ஜான் முர்ரே, அமிழ்தலே வேண்டாம், கடலடி மேடுகளில் வண்டல் ஏறி ஏறிப் பவளத்துக்குப் பீடம் கிடைத்துவிடும் என்றார். அலெக்சாண்டர் அகாஸி என்ற அமெரிக்கர், செம்புச் சுரங்கத்தில் சம்பாதித்த பணத்தையெல்லாம் கொட்டி, ஆஸ்திரேலியா, ஃபிஜி, மாலத்தீவு என்று வருஷக்கணக்காக அலைந்து, டார்வின் சொன்னது தவறு என்று நிரூபிக்கப் பார்த்தார். எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த பெரும் பவள நூலை எழுதாமலே 1910இல் கப்பலிலேயே இறந்துபோனார். இத்தனை தீவுகளைப் பார்த்தவருக்கு ஒரு முடிவும் கைகூடவில்லை. ஒன்றைக்கூடப் பார்க்காதவருக்குக் கூடியது. அனுபவவாதிகளுக்காக இதையும் குறித்துவைக்கிறேன்.

பார்த்துத் தீராத வழக்கு இது என்பது டார்வினுக்கே தெரியும். யாராவது இரட்டைக் கோடீஸ்வரன் ஒருவன் மனது வைத்து, பசிபிக்கிலோ இந்துமகா சமுத்திரத்திலோ ஒரு பவளத்தீவைத் துளைத்து, ஐந்நூறு அறுநூறு அடி ஆழத்துக் கல்லை எடுத்துவந்து காட்டினால் நன்றாக இருக்கும் என்று 1881இல், இறப்பதற்கு ஒரு வருஷம் முன்பு, இதே அகாஸிக்கு எழுதினார். துளைத்தார்கள். லண்டன் ராயல் சொஸைட்டி 1896 முதல் 1898 வரை ஃபூனாஃபூட்டித் தீவில் 1,114 அடி போனது. அடிவரை பவளச் சுண்ணாம்பு, எரிமலைக் கல் தட்டவில்லை. வழக்கு தொங்கியது. 1947இல் பிகினியில் 2,556 அடி. அப்போதும் சுண்ணாம்புதான். பிகினி என்ற பெயரைக் கேட்டவுடனே வாசகருக்கு விளங்கியிருக்கும், அந்தக் கோடீஸ்வரன் யார் என்று.

1952இல் எனிவெடாக் வளையத்தில், எதிரெதிர் ஓரங்களில் இரண்டு துளைகள் போட்டார்கள். ஒன்று தென்கிழக்கில் பாரித் தீவில். (பெயரைப் படித்ததும் பறம்பு மலை ஞாபகம் வந்தால் அது தற்செயல்தான், ஆனாலும் வரத்தான் வருகிறது.) மற்றது வடக்கில், எலுகெலாப் என்ற தீவில். பாரியில் 4,158 அடிக்குக் கீழே, எலுகெலாபில் 4,600 அடிக்கும் கீழே, சுண்ணாம்பு முடிந்தது. பாரித் துளையிலிருந்து எரிமலைப் பாறையின் துண்டுகள் மேலே வந்தன. ஆழமில்லாத நீரில் மட்டுமே வாழக்கூடிய ஜந்துக்களின் எச்சம், ஏறத்தாழ முக்கால் மைல் உயரத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக. அதற்கு அடியில் மூழ்கிய மலை. நூற்றுப் பதினேழு வருஷங்களுக்கு முன் சிலியின் கரையில் ஒரு இருபத்தாறு வயதுக்காரன் மனதில் கண்டது அப்படியே கையில் வந்துவிட்டது. துளைத்தெடுத்த சுண்ணாம்புக்குள் நிலத்து நத்தைகளின் ஓடுகளும் கிடைத்தன. கடல் நத்தை அல்ல, மரத்தடியில் ஈரத்தில் ஊரும் நத்தை. பல லட்சம் வருஷங்களுக்கு முன், இப்போது ஆழத்தில் கிடக்கும் அந்த மட்டத்தில், காற்றும் மரமும் நிழலும் இருந்திருக்கின்றன. இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சி, சந்தேகமில்லாத மகிழ்ச்சி. ஒரு நல்ல கவிதையின் கடைசி வரி விழும்போது உண்டாவதற்கு நிகரானது.

அந்தத் துளைகளைப் போட வசதி செய்து கொடுத்தது அமெரிக்க அணுசக்திக் கமிஷன். எலுகெலாபில் துளைபோட்ட சில மாதங்களுக்குள், 1952 நவம்பர் 1இல், அதே தீவின்மேல் உலகின் முதல் பெரிய ஹைட்ரஜன் குண்டை வெடித்தார்கள். பத்து மெகாடன்னுக்கும் மேல். தீவு இல்லாமல் போயிற்று. அது இருந்த இடத்தில் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் அகலத்தில், ஐம்பது மீட்டர் ஆழத்தில் ஒரு நீலக் குழி இருக்கிறது. ஒரு தீவு எப்படி லட்சக்கணக்கான வருஷங்களில் மெல்ல மூழ்குகிறது என்பதற்குச் சாட்சி சொன்ன தீவு, சாட்சி சொல்லிய கையோடு, ஒரு கணத்தில் ஆவியாயிற்று. அங்கே குடியிருந்த நூற்று நாற்பது பேரளவிலான மக்களை 1947 டிசம்பரிலேயே உஜெலாங் என்ற வேறொரு வளையத்துக்கு ஏற்றி அனுப்பியிருந்தார்கள். 1948 முதல் 1958 வரை எனிவெடாக்கில் மட்டும் நாற்பத்துமூன்று குண்டுகள்.

இப்போது கேள்வியைக் கேட்கலாம். உண்மை, தான் வந்த வழிக்குப் பொறுப்பாளியா?

இல்லை என்பது நம் வட்டத்தில் பழகிப்போன பதில். படைப்பைப் படைப்பாளியிலிருந்து பிரித்துப் பார், கவிதையைக் கவிதையாகப் பார், எழுதியவன் கடன்காரனா குடிகாரனா என்பதெல்லாம் விமர்சனத்துக்கு வெளியே என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அதற்கு அவசியமும் இருந்தது. ஆளைப் பார்த்துப் புத்தகத்துக்கு மார்க்குப் போடுகிற சமூகத்தில் வேறு எப்படிப் பேசுவது? அதே நியாயத்தை இங்கேயும் சொல்லலாம். நாலாயிரம் அடிச் சுண்ணாம்புக்குத் தன்னைத் துளைத்தது யாருடைய பணம் என்று தெரியாது. குண்டு வைக்காமல் ஒரு துறவி துளைத்திருந்தாலும் அதே ஆழத்தில் அதே கல்தான் தட்டுப்பட்டிருக்கும். டார்வினின் கோட்பாட்டுக்கு இதனால் ஒரு களங்கமும் இல்லை. (பனிக்காலங்களில் கடல் மட்டம் இறங்கியபோது மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்ததாலும் வளையத்தின் நடுப்பள்ளம் உண்டாகிறது என்று இப்போது சொல்கிறார்கள், அமிழ்தல் மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. ஆனால் இதுவும் களங்கம் அல்ல, திருத்தம்.)

இதை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகும் ஏதோ மிஞ்சுகிறது. மிஞ்சுவது வெறும் உணர்ச்சிதானா என்று நாள்கணக்கில் யோசித்துப் பார்த்தேன். அப்படி இல்லை என்று தோன்றுகிறது. உண்மை வேறு, அறிதல் வேறு. அந்த மலை கடலுக்கடியில் கிடந்தது யாருடைய செயலும் அல்ல. அது உண்மை, அதற்கு நடத்தை கிடையாது. ஆனால் அறிதல் ஒரு செயல். ஓர் இடத்தில், ஒரு தேதியில், ஒருவர் கையால் நடப்பது. அதற்கு நடத்தை உண்டு. மற்றச் செயல்களை எப்படி விசாரிக்கிறோமோ அப்படி அதையும் விசாரிக்கலாம். கிடைத்த உண்மையைக் காட்டி அந்த விசாரணையை மூடிவிட முடியாது. நல்ல கவிதை எழுதியதால் கடன் அடைந்துவிடாது என்பதுபோல. படைப்பைத் தனியாகப் பார் என்று நாம் சொன்னபோது, படைப்பின் தரத்தை ஆளை வைத்து முடிவுசெய்யாதே என்றுதான் சொன்னோம். ஆளை விசாரிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. நாளடைவில் இரண்டாவதையும் அதோடு சேர்த்துக் கடத்திக்கொண்டு வந்துவிட்டோம். அது பல பேருக்குச் சௌகரியமாகவும் போய்விட்டது.

எதை வைத்து விசாரிப்பது? கை சுத்தமாக இருக்க வேண்டும் என்றால் உலகத்தில் அறிவே மிஞ்சாது. பீகிள் சுத்தமில்லை. அகாஸியின் சுரங்கமும் சுத்தமாக இருந்திருக்காது. துளைபோட்ட மண்ணியல் நிபுணர்கள் நேர்மையாகத் தங்கள் வேலையைச் செய்தவர்கள்; துளைக்க மறுத்திருந்தாலும் குண்டு வெடித்திருக்கும், அறிவு மட்டும் நஷ்டமாகியிருக்கும். இந்த வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அந்தக் கடலிலேயே இன்னொரு அறிதல் இருந்தது. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது.

மார்ஷல் தீவுக்காரர்கள் கடலோடிகள். பக்கவாட்டுக் கட்டையுள்ள பாய்மர ஓடங்களில், தரை கண்ணுக்குத் தெரியாத தூரங்களுக்குப் போய்வந்தவர்கள். தீவு இருக்கும் திசையை அலையை வைத்து அறிந்தார்கள். தூரத்திலிருந்து வரும் நீண்ட அலை ஒரு தீவில் பட்டு வளைகிறது, திரும்புகிறது. வளைந்ததும் திரும்பியதும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அந்த வெட்டு, பல மைல் தள்ளி வரும் ஓடத்தின் அடிப்பலகையில் ஒரு தனி அசைவாகத் தெரியும். அதை உணரக் கடலோடி ஓடத்தில் படுத்துக்கொள்வதும் உண்டு. தென்னை ஈர்க்குகளைப் போன்ற குச்சிகளை வளைத்துக் கட்டி, தீவுகள் இருக்கும் இடத்தில் சிப்பி வைத்து, அலைகளின் வரைபடம் செய்தார்கள். அதைக் கடலுக்கு எடுத்துப் போவதில்லை. கரையில் இருந்து படித்து, மனதில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பவளத்தின் விளிம்பு கடலை எப்படி மடக்குகிறது என்பதை உடம்பால் படிக்கும் ஒரு சாஸ்திரம் அது. டார்வின் கொழுப்பில் படித்ததற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

இதைச் சொன்னதும் ஆதிகுடிகளின் மாசற்ற ஞானம் என்று கண்ணீர் விடத் தயாராகிறவர்கள் உண்டு. அவர்கள் கொஞ்சம் பொறுக்கட்டும். இந்த வித்தை தலைவர் குடும்பங்களுக்குள் பூட்டிவைக்கப்பட்ட ரகசியம், எல்லோருக்கும் சொல்லித்தருவதில்லை. அதிகாரம் இல்லாத அறிவு அங்கேயும் இல்லை. நான் பார்க்கிற வித்தியாசம் வேறு. அந்தக் கடலோடி தப்பாக அறிந்தால் மூழ்குகிறவன் அவன். அறிவதின் விலையை அறிகிறவனே கொடுக்கிறான், ரொக்கமாக. டார்வினும் ஓரளவு கொடுத்தார். ஐந்து வருஷம் குமட்டலோடு அந்தக் கப்பலில் கிடந்தார், அது கவிழ்ந்திருந்தால் அவரும் போயிருப்பார். கீலிங்கில் அவருடைய படகுகள் கரைசேர்ந்த தீவின் விலையை மட்டும் வேறு யாரோ, சொந்தக் கடையில் மட்டும் செல்லும் காசில், கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனிவெடாக்கில் விலை முழுவதும் அடுத்தவர் கணக்கில் ஏறியது. அறிந்தவர்கள் கல்லை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். உஜெலாங்கில் இருந்தவர்கள் முப்பத்துமூன்று வருஷம் அங்கேயே கிடந்தார்கள். 1954 மார்ச் 1இல் பிகினியில் வெடித்த குண்டின் சாம்பல், அலை படிக்கக் கற்றுத்தருவதற்குப் பேர்போன ராங்லாப் தீவின்மேல் விழுந்தது. மக்களை அப்புறப்படுத்தினார்கள், கற்றுக்கொடுப்பதும் அறுந்தது. ஓர் அறிதல் இன்னோர் அறிதலை, அப்படி ஒன்று இருந்ததே தெரியாமல், அழித்தது.

அடுத்தவர் விலை கொடுக்க நாம் அறிகிறோம் என்பது எழுத்தாளனுக்குப் புதிய செய்தி அல்ல. சேரிக்குப் போய்க் குறிப்பெடுத்து வந்து எழுதிய கதையை நாம் தரத்தை வைத்துப் பேசினோம். பேச வேண்டியதுதான். தன் வீட்டுப் பெண்ணின் அவமானத்தை அவளைக் கேட்காமலே எடுத்து எழுதியவரின் நாவலையும் அப்படித்தான் பேசினோம். அது நல்ல நாவல் என்றே இன்றும் நினைக்கிறேன். அவள் அதைப் படித்தாளா என்று நம்மில் ஒருவரும் விசாரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

1977க்கும் 1980க்கும் இடையில் அமெரிக்க ராணுவம் எனிவெடாக்கைச் சுத்தம் செய்தது. விஷமேறிய மண்ணைச் சுரண்டி எடுத்து, ரூனிட் என்ற தீவில் 1958இல் வெடித்த ஒரு குண்டின் குழியில் கொட்டி, மேலே கான்கிரீட் மூடி போட்டார்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு பெரிய தாம்பாளத்தைக் கவிழ்த்ததுபோல் இருக்குமாம். குழிக்கு அடியில் தளம் போடவில்லை. அடியில் இருப்பது துளைகள் நிறைந்த பவளச் சுண்ணாம்புதான். கடல் ஏறும்போது நீர் அதற்குள் ஏறுகிறது, இறங்கும்போது இறங்குகிறது. 1980இல் மக்கள் திரும்பிவந்தார்கள், தெற்குத் தீவுகளுக்கு மட்டும். துளைக்காரர்கள் பாரி என்று குறித்துக்கொண்ட தீவுக்கு அவர்கள் மொழியில் மெட்ரென் என்று பெயர். அங்கே வீடு கட்டி, தென்னை வைத்தார்கள்.